மரத்தரைக்கு அடியில் குவிந்த இடிபாடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், 1890களில் கட்டப்பட்ட ஒரு தொடர்வீட்டை அண்மையில் வாங்கினோம். முன்னறைத் தரையின் ஓர் ஓரம் நடக்கும்போது சற்றே அமிழ்கிறது. மழை நாள்களில் மண்வாடையும் வீசுகிறது. இரண்டு பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தோம். அடியில் உடைந்த செங்கற்களும் சுண்ணாம்புக் காரையும் மரத்துண்டுகளும், பலகையைத் தாங்கும் சட்டங்களைத் தொடும் அளவுக்குக் குவிந்திருந்தன. இவற்றை முழுவதும் அகற்ற வேண்டுமா? அகற்றினால் தரையே இறங்கிவிடுமோ என்று என் கணவர் அஞ்சுகிறார்.
— வாசகி, லெஸ்டர்

பதில்: அகற்றத்தான் வேண்டும். உங்கள் கணவரின் அச்சத்துக்கு ஒரே ஓர் இடத்தில்தான் நியாயம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன். அக்கால வீடுகளில் தரைச்சட்டங்களின் முனைகள் சுவரிலோ சுவரையொட்டிய மரத்தாங்கியிலோ அமர்ந்திருக்கும்; நடுவில், தேன்கூடு போல இடைவெளி விட்டுக் கட்டிய குட்டைச் சுவர்கள் அவற்றைத் தாங்கும். இடிபாட்டுக்கு அந்த அமைப்பில் எந்த வேலையும் இல்லை. வீட்டைக் கட்டியவர்கள் விட்டுச் சென்ற மிச்சம் ஒரு பங்கு. பிற்காலத்தில் கணப்பு அடுப்பை இடித்தவர்களும் பழைய மச்சுக் காரையை உதிர்த்தவர்களும், வெளியே சுமந்து செல்ல மனமில்லாமல் பலகைக்கு அடியில் தள்ளியது பெரும்பங்கு.

குட்டைச் சுவர்களில் விட்ட இடைவெளிகள் காற்றோட்டத்துக்காக ஏற்பட்டவை. முன்சுவரின் துளைச் செங்கல் வழியாக நுழையும் காற்று தரைக்கு அடியில் ஊர்ந்து பின்சுவர் வழியாக வெளியேறும்போது, மண்ணிலிருந்து எழும் ஈரத்தையும் எடுத்துச் செல்கிறது. குவியல் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அதைவிடக் கெடுதலானது, ஈரம் மேலே ஏறாதிருக்கச் சுவரின் அடியில் பதித்த தடுப்பு அடுக்கைக் குவியல் தாண்டி நிற்கும்போது, மண்ணின் ஈரம் செங்கல்லும் காரையும் வழியாக ஏறி நேரே சட்டத்தைச் சேர்வதாகும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை அதை உளுக்கத் தொடங்கும். குவியலில் கிடக்கும் மரத்துண்டுகள் அந்தப் பூஞ்சைக்கு இரையாகிவிடுவதால், வேறு எதை விட்டாலும் மரத்தில் ஒரு சிராய்கூட உள்ளே தங்கக் கூடாது.

வாளியை எடுக்கும் முன் பொறுமையாக உற்றுப் பாருங்கள். பழைய குழாய்களில் சுற்றிய சாம்பல்நிற உறையோ உடைந்த தகடுகளோ தென்பட்டால், அவற்றைத் தொடாமல் நிறுத்திவிட்டு, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உள்ளதா என்று ஆய்வகத்தில் சோதித்தறிய வேண்டும். பிரிட்டனில் கல்நாரின் பயன்பாடு முற்றாகத் தடைசெய்யப்பட்டதே 1999இல்தான். அதற்கு முன் பழுதுபார்க்கப்பட்ட எந்த வீட்டிலும் அது இருக்கக்கூடும். எரிவாயுக் குழாய், மின்கம்பி, ஈயத் தண்ணீர்க்குழாய் ஆகியவை குவியலுக்குள் புதைந்திருக்கலாம் என்பதால், அந்த அறையின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கடப்பாரையை ஓங்கிக் குத்தாமல் கையால் கிளறுங்கள். செங்கல், காரைத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 (FFP3) வகை முகமூடி கட்டாயம் வேண்டும். எலிகள் நடமாடிய இடமாகவும் இருக்கலாம், ஆகவே கையுறையைக் கழற்றாதீர்கள்.

பலகைகளை ஒரேயடியாகப் பெயர்க்காதீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதி, நான்கைந்து பலகைகளாக எடுத்து, அந்தப் பட்டையைச் சுத்தம் செய்தபின் அடுத்ததற்குச் செல்லுங்கள். நடப்பதற்கு எப்போதும் பலகை மிஞ்சியிருக்கும், சட்டங்களும் பக்கவாட்டில் சாயாமல் இருக்கும். நான் மேலே குறிப்பிட்ட இடம் இங்கேதான் வருகிறது. உளுத்த சட்டத்துக்கு முட்டுக்கொடுக்க முந்தைய உரிமையாளர் எவரேனும் செங்கற்களை அடுக்கியிருக்கலாம். அமிழ்கிற ஓரத்தில் அதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். சட்டத்தின் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். எளிதில் உள்ளே இறங்கினால், சரியான முட்டுக் கொடுத்துத் தச்சர் பார்க்கும் வரை அந்தச் செங்கற்களை அசைக்காதீர்கள்.

வேலையின் அளவை முன்பே கணக்கிடுவது நல்லது. 4 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் உள்ள அறையில் 20 செ.மீ. கனத்துக்குக் குவியல் இருந்தால், அது ஏறத்தாழ 2.9 கன மீட்டர். எடை மூன்றரை டன்னைத் தாண்டும். பத்து லிட்டர் வாளியில் 290 நடை. 6 கன யார்டு (ஏறத்தாழ 4.6 கன மீட்டர்) கொள்ளும் ஸ்கிப், அதாவது இடிபாட்டைக் கொட்டி ஏற்றிச் செல்லும் வாடகை இரும்புத் தொட்டி, ஒன்று போதும். அதைச் சாலையில் நிறுத்தினால் உள்ளூராட்சியின் அனுமதி வேண்டும். கல்நாரை அதில் போடக் கூடாது.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பழைய மண் கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள். அக்கால வீடுகளின் அடித்தளம் ஆழமற்றது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று மண்ணைத் தோண்டினால் சுவரின் பிடிமானமே குறையும், பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளும் சுவரும் அதில் அடங்கும். புதிய கட்டடங்களுக்கு இங்கிலாந்தின் வழிகாட்டுதல், சட்டத்தின் அடிக்கும் கீழுள்ள தளத்துக்கும் இடையே 150 மி.மீ. வெளி கேட்கிறது. பழைய வீட்டுக்கு அது நல்ல அளவுகோல். ஆனால் அதை எட்டுவதற்காக அடித்தளத்தைத் தொடாதீர்கள்.

கடைசியாக, வெளியே சென்று துளைச் செங்கற்களைப் பாருங்கள். தோட்ட மண்ணும் வண்ணப்பூச்சும் அவற்றை மூடியிருப்பது மிகச் சாதாரணம். பின்புறம் கான்கிரீட் தரையுடன் சமையலறை நீட்டிப்புக் கட்டியிருந்தால், பின்வழிக் காற்று முற்றாக அடைபட்டிருக்கும்; அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில் குழாய் பதித்து வெளிச்சுவர் வரை கொண்டுபோகாத வரை, இடிபாட்டை அகற்றியும் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

கேள்வி: தரையைத் திறந்த கையோடு, குளிரைத் தடுக்கக் கீழ்வெளி முழுவதையும் கம்பளிப் பஞ்சால் நிரப்பிவிடலாமா?
— வாசகர், லண்டன்

பதில்: கூடாது. இடிபாடு அடைத்த வழியைப் பஞ்சு அடைக்கும், அவ்வளவே வேறுபாடு. சட்டங்களுக்கு இடையில் வலை கட்டி, பலகைக்கு அடியில் மட்டும் பஞ்சை நிறுத்துங்கள். அதற்குக் கீழே காற்று தடையின்றி ஓட வேண்டும். சட்டங்களை ஈரமானியால் அளந்து, அவை உலர்ந்துவிட்டன என்று உறுதியான பின்பே பஞ்சைப் பொருத்துங்கள். ஓரிரு பலகைகளை ஆணியடிக்காமல் திருகாணியால் பொருத்தி வைத்தால், அடுத்த குளிர்காலத்தில் திறந்து மீண்டும் அளந்து பார்க்கலாம்.