ராம் மாற்றினால் நெட் போகுமா?

கேள்வி: கடையில் பில் போடும் பழைய டெஸ்க்டாப்பில் 2 ஜிபி ராம்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு இரண்டு 4 ஜிபி ராம் போட்டோம். விண்டோஸ் 10, 64 பிட். வேகம் கூடிவிட்டது, ஆனால் அன்றிலிருந்து நெட் வரவில்லை. மாட்டித் தந்தவர், "நெட்வொர்க் கார்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கார்டைத் தொடாமல், புதிய ராம்களை மட்டும் கழற்றிவிட்டுப் பழைய 2 ஜிபியை மாட்டிப் பாருங்கள். நெட் வந்துவிட்டால் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது.

அப்போதும் வராவிட்டால், கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராமை அழுத்தி மாட்டும்போது மதர்போர்டு லேசாக வளையும், கார்டைப் பிடித்திருப்பதோ பின்பக்கம் உள்ள ஒரே ஒரு திருகு, அதனால் உள்முனை மயிரிழை அளவு எழும்பிவிடும். பார்வைக்கு நேராகவே தெரியும், ஆனால் கேபிள் சொருகும் இடத்தில் லைட் எரியாது. கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, இரண்டு முனையையும் சமமாக அழுத்தி மாட்டுங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

பழைய ராமில் நெட் வருகிறது, புதியதில் வரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரை (கம்ப்யூட்டரின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸ் பக்கம்) திறங்கள். கார்டின் பெயர் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி, உள்ளே கோட் 10 (கார்டைத் தொடங்க முடியவில்லை) என்று இருந்தால் எனக்கு டிரைவர், அதாவது கார்டை விண்டோஸுடன் பேசவைக்கும் மென்பொருள் மேல்தான் சந்தேகம். பழைய பிசிஐ (மதர்போர்டில் உள்ள பழைய வகை ஸ்லாட்) கார்டுகள் பெரும்பாலும் 32 பிட் முகவரிதான் போடும், அதாவது 4 ஜிபி வரைதான் அவற்றின் கை எட்டும். நெட்டில் வருவதை அவை பிராசஸரின் உதவி இல்லாமல் நேரடியாக ராமில் எழுதிவிடுகிற ரகம். 2 ஜிபி இருந்தவரை எல்லா மூலையும் எட்டியது, இப்போது பாதி மெமரி எல்லைக்கு வெளியே போய்விட்டது. ஒழுங்காக எழுதப்பட்ட டிரைவர் 4 ஜிபிக்குக் கீழே இடம் வாங்கி அங்கே இறக்கிச் சமாளித்துவிடும், அரைகுறையாக எழுதியது அங்கேதான் கவிழும்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. எம்எஸ்கான்ஃபிக் (msconfig, விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் கருவி) திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், மேக்ஸிமம் மெமரியை 3072 (எம்பி, அதாவது 3 ஜிபி) என்று வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். நெட் வந்தால் டிரைவர்தான் காரணம். போனில் புதிய 64 பிட் டிரைவரை இறக்கி, கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் போடுங்கள். அப்புறம் அந்த 3072 டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் 8 ஜிபிக்குக் கொடுத்த காசு வீண். புதிய டிரைவரே கிடைக்கவில்லை என்றால் மட்டும் வேறு கார்டு வாங்கலாம். போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐக்கு அடுத்து வந்த புதிய வகை) ஸ்லாட் இருந்தால் அந்த வகையையே கேளுங்கள்.

கேள்வி: எனக்கு நெட் போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறது. ராம் கூட்டியபின் டிவைஸ் மேனேஜரில் அதன் பெயரே இல்லை!
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் செட்டிங் பக்கம்) போய் ஆன்போர்டு லேன், அதாவது போர்டிலேயே உள்ள நெட் போர்ட், டிஸேபிள் ஆகியிருக்கிறதா பாருங்கள். ராம் மாற்றும்போது செட்டிங்குகள் அழிந்து பழைய நிலைக்குப் போயிருக்கலாம். அது சரியாக இருந்தால், பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஷட் டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) 5 வோல்ட் போர்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும், நெட் சிப் அதில் விழித்தபடியே சிக்கி நிற்பதுண்டு. அடுத்த முறை ராமைத் தொடும் முன்பும் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள்.