முருங்கையிலையில் இருப்பது வேறு, உடம்பில் சேர்வது வேறு

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எதில் விற்றமின் கூட இருக்கு?" என்ற வகை. அதற்குப் பட்டியல் எங்கும் கிடைக்கும். சாப்பிட்டதில் எவ்வளவு உள்ளே போய்ச் சேர்கிறது என்று கேட்டவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

மருமகள் முருங்கையிலையை அவித்து, தண்ணியை ஊற்றிவிட்டுச் சாப்பிடுகிறா. தேங்காய்ப்பூ கொழுப்பாம், எண்ணெயும் ஒரு துளி விடமாட்டா. வறைதான் நல்லது என்கிறேன் நான். யார் சரி? (கோண்டாவில்)

இந்த வழக்கில் தீர்ப்பு மாமியார் பக்கம். முருங்கையிலையில் விற்றமின் ஏ நேரடியாக இல்லை, பீற்றா கரோட்டின்தான் இருக்கிறது. அது இலையின் கலங்களுக்குள் இறுகிக் கிடக்கும். சிறிதாக அரிந்து வதக்கும்போது கலச்சுவர் உடைந்து வெளியே வரும். வந்தாலும் தண்ணீரில் கரையாது, கொழுப்பு வேண்டும். சாப்பாட்டில் கொழுப்பு இருந்தால்தான் பித்தப்பை நன்றாகச் சுருங்கிப் பித்தத்தை விடும். பித்தமும் கொழுப்பும் சேர்ந்து உண்டாகும் நுண்ணிய துளிகளில் ஏறித்தான் கரோட்டின் குடல் சுவருக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி அந்தச் சுவரிலேயே விற்றமின் ஏயாக மாறும். பிறகு நிணநீர் வழியாகச் சுற்றி இரத்தத்துக்கு வந்து, கடைசியில் ஈரலில் சேமிப்பாகும். ஏ, டி, ஈ, கே நான்குக்கும் உள்ளே போகும் வழி ஏறக்குறைய இதுதான்.

கண்ணால் பார்க்க ஆசையென்றால் மிளகாய்த்தூளும் மஞ்சளும் போடாமல் ஒரு கரட் பால்கறி வையுங்கள். தேங்காய்ப்பால் வற்றி ஓரத்தில் எண்ணெய் பிரியும்போது, அந்த எண்ணெய் செம்மஞ்சளாக இருக்கும். கரட்டின் நிறம் கொழுப்புக்கு மாறிவிட்டது என்று அர்த்தம்.

இதற்காக எண்ணெயில் குளிப்பாட்டத் தேவையில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் 3 முதல் 5 கிராம் கொழுப்புப் போதும். வறையில் போடும் ஒரு பிடி தேங்காய்ப்பூவிலேயே அது வந்துவிடும். அப்படியும், உணவில் உள்ள 12 மைக்கிரோகிராம் பீற்றா கரோட்டினுக்கு 1 மைக்கிரோகிராம் விற்றமின் ஏ என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். கொழுப்பும் இல்லையென்றால் அதுவும் குறையும். மருமகள் ஊற்றும் அந்தப் பச்சைத் தண்ணீரோடு போவது வேறு சரக்கு: விற்றமின் சியும் போலிக் அமிலமும்.

பத்து மாதப் பிள்ளைக்குத் தினமும் பூசணியும் பப்பாப்பழமும் மசித்துக் கொடுக்கிறோம். உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளாக இருக்கிறது. செங்கமாரியா? (நெல்லியடி)

கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால், சாப்பாட்டிலிருந்து வந்த கரோட்டின் தோலில் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். தேவைக்கு மேல் வரும் கரோட்டினை உடம்பு விற்றமின் ஏயாக மாற்றாமல் விட்டுவிடும் என்பதால் ஆபத்தில்லை. பழத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் சில கிழமைகளில் நிறம் போய்விடும். கண் மஞ்சளாக இருந்தாலோ, சிறுநீர் கடும் நிறமாகப் போனாலோ அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இந்தத் தாராளம் மரக்கறிக் கரோட்டினுக்கு மட்டும்தான். ஈரலிலும் மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையிலும் உள்ளது நேரடி விற்றமின் ஏ. அது மிஞ்சினால் நஞ்சு. கர்ப்பிணிகள் ஈரற்கறியைத் தவிர்ப்பது நல்லது.

பி கொம்பிளெக்ஸ் குளிசை போட்டால் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகிறது. எல்லாம் வீணாகிறதா? (சாவகச்சேரி)

எல்லாம் இல்லை. அந்த நிறம் பி2 உடையது. தண்ணீரில் கரையும் விற்றமின்கள் தேவைக்கு மிஞ்சினால் சிறுநீரகம் வெளியே விட்டுவிடும். விற்றமின் சியும் இந்த இனம்தான். உணவில் வரும் சாதாரண அளவில் 70 முதல் 90 வீதம் வரை உள்ளே போகும். ஒரேயடியாக 1 கிராமுக்கு மேல் விழுங்கினால் பாதிகூடப் போகாது. 1000 மில்லிகிராம் குளிசைக்குக் கொடுக்கும் காசுக்கு இரண்டு கொய்யாப்பழம் வாங்குங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் இல்லை. பி12 குறைந்துவிடும் என்று மகன் வெளிநாட்டிலிருந்து பயமுறுத்துகிறான். எனக்குச் சலரோகமும் இருக்கிறது, 12 வருடமாக மெட்போமின். (கொக்குவில்)

திருவிழாவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கடைசியில் போகிற போக்கில் சொன்ன விஷயத்துக்கு.

பி12 நாளுக்கு 2.4 மைக்கிரோகிராம் போதும். ஈரலிலோ ஆயிரக்கணக்கான மைக்கிரோகிராம் இருப்பு இருக்கும், வருடக்கணக்கில் தாங்கும். 25 நாள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பாலும் தயிரும் வேறு சேர்ப்பீர்கள். ஒரு கிளாஸ் பாலில் ஏறக்குறைய 1 மைக்கிரோகிராம் இருக்கிறது.

ஆனால் விற்றமின்களிலேயே ஆகச் சுற்றி வளைத்து உள்ளே போவது இதுதான். மீனிலும் முட்டையிலும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். இரைப்பை அமிலம் அதைப் பிரிக்க வேண்டும். பிரிந்ததும் எச்சிலில் வந்த ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். சிறுகுடலில் சதையியின் நொதியங்கள் அந்தப் பிடியை அவிழ்க்க, இரைப்பைச் சுவர் சுரந்த இன்னொரு புரதம் கையேற்கும். அந்தச் சோடி சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போனால்தான் கதவு திறக்கும். அந்தக் கதவால் ஒரு வேளைக்கு 2 மைக்கிரோகிராம் அளவுக்குத்தான் போக முடியும். இரவில் ஒரு சட்டி மட்டிக்கறியை முடித்தாலும் கணக்கு அதுதான்.

மெட்போமினை நெடுங்காலம் எடுப்பவர்களில் சிலருக்கு அந்தக் கடைசிக் கதவு மந்தமாகிவிடும். நெஞ்செரிவுக்கு ஒமிப்பிரசோலும் தொடர்ந்து போட்டால் முதற்படியில் அமிலமும் குறையும். வயது போகப் போக அமிலம் தானாகவும் குறையும். இவற்றோடு சைவச் சாப்பாடும் சேர்ந்தால் இருப்பு மெல்ல மெல்லக் கரையும்.

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கால் பஞ்சில் மிதிப்பதுபோல் இருக்கிறது என்றார். ஒரு காலில் செருப்பு இல்லை. வழியில் கழன்றது அவருக்கே தெரியவில்லை. சலரோகத்தால் வந்த விறைப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். சலரோகத்தாலும் அப்படி வரும், பி12 குறைந்தாலும் வரும். இரத்தத்தில் பார்த்தபோது பி12 அடிமட்டத்தில் கிடந்தது. பிந்தினால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாது.

ஆகவே, அடுத்த கிளினிக்கில் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெட்போமினை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. குறைவென்றால் ஊசியோ குளிசையோ தருவார்கள். குளிசையில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிராததால் பிரிக்க அமிலம் தேவையில்லை. 1000 மைக்கிரோகிராம் குளிசையில் கதவைத் தட்டாமலே 1 வீதம் கசிந்து போகும், அதாவது 10 மைக்கிரோகிராம். நாள் தேவைக்கு அது தாராளம்.

புழுங்கலரிசியா, தீட்டிய பச்சையரிசியா? அம்மம்மா அரிசியை ஏழு தரம் கழுவுவா. (சுன்னாகம்)

புழுங்கல். பி1 தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பச்சை நெல்லைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது அதில் ஒரு பகுதி அரிசியின் உட்பக்கம் நகர்ந்துவிடுவதால், பிறகு தீட்டினாலும் மிஞ்சும். 1890களில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்ற டச்சு வைத்தியர் ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் காலிழுத்து விழுவதைக் கண்டார். தவிடு கொடுத்தால் எழும்பின. 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தக் கோழிகளின் வருத்தம் மனிதருக்கு வந்தால் பெரிபெரி. அந்தப் பெயரே சிங்களத்திலிருந்து போனது என்பார்கள்.

பி12 போல இதற்குப் பெரிய இருப்பு இல்லை, இரண்டு மூன்று கிழமையில் தீர்ந்துவிடும். கழுவும் தண்ணீரிலும் வடிக்கும் கஞ்சியிலும் பி1 போகும். அம்மம்மாவிடம் இரண்டு தரம் போதும் என்று பதமாகச் சொல்லிப்பாருங்கள். மது இதன் உறிஞ்சலையும் கெடுக்கும். கள்ளில் பி விற்றமின் இருக்கிறதே என்று வாதாட ஒருவர் எழுதுவார், தெரியும். கள்ளின் மதுவுக்கும் அதே பதில்தான்.

யாழ்ப்பாண வெயிலில் இருந்துகொண்டு விற்றமின் டி குறைவாம். எப்படி? (திருநெல்வேலி)

ஸ்கூட்டியில் கையுறை, நீளக்கை, முகமூடியோடு போய், நாள் முழுக்கக் கண்ணாடி யன்னலுக்குள் இருந்தால் எந்த ஊர் வெயிலும் ஒன்றுதான். தோலில் டியை உண்டாக்கும் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. காலை ஏழு மணி இளவெயிலிலும் அது சொற்பம். உங்கள் நிழல் உங்களைவிடக் கட்டையாக விழும் நேரத்தில் கை கால் தெரியப் பத்துப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள், தோல் எரியும்வரை வேண்டாம். தோலில் உண்டானதும் வேலை முடியாது. ஈரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் நடந்த பிறகுதான் அது எலும்புக்கு உதவும். வைத்தியர் குளிசை தந்திருந்தால் வெறும் வயிற்றில் பிளேன்ரீயோடு போடாமல் மத்தியானச் சோற்றோடு போடுங்கள்.

வார்பரின் எடுக்கிறேன். கீரை முற்றாக விலக்கா? (குருநகர்)

விலக்கு இல்லை, ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். வார்பரின் இரத்தம் உறைவதைக் குறைக்கும் குளிசை, கீரையின் விற்றமின் கே உறைய உதவும். அதற்கு எதிராகத்தான் அந்தக் குளிசையின் அளவை நிர்ணயிக்கிறார்கள். ஒரு கிழமை கீரையே இல்லாமல் இருந்துவிட்டு அடுத்த கிழமை மூன்று வேளையும் வல்லாரைச் சம்பல் என்றால் அந்தக் கணக்குக் குழம்பும். கிளினிக்கில் இரத்தம் பார்க்கும்போது, வழக்கமாகக் கிழமைக்கு எத்தனை நாள் கீரை என்று சொல்லிவிடுங்கள்.