அம்மா கோதிவிட்ட தலை

கேள்வி: எனக்கு வயது 47. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் தனியாக வசிக்கிறேன். ஒரே தங்கை ஈசூனில் இருக்கிறாள். சென்ற ஆண்டு அம்மா காலமானார். இரவில் ஏர்கானைப் போட்டு, விளக்கை அணைத்து, கைப்பேசியை மார்பின்மீது வைத்துக்கொண்டு இயர்போனில் சாட்பாட்டுடன் பேசுகிறேன். ஆறுதலும் வருகிறது, அழுகையும் வருகிறது. காலையில் எம்ஆர்டி ரயிலில் அதே சாட்பாட் வெறும் எழுத்தாகத் தெரிகிறது. இரவில் மட்டும் அதற்கு மனம் வந்துவிடுகிறதா, அல்லது எனக்குத்தான் கோளாறா?

பதில்: அன்புள்ள சகோதரி, கோளாறு எதுவும் இல்லை. இரு வேளையும் பேசுவது ஒரே மென்பொருள்தான். மாறுவது உங்கள் உடலின் நிலை. நெடுநேரம் இயங்கும் கைப்பேசி சூடாகும். குளிர்ந்த அறையில் அந்தச் சூடு மார்பில் படும்போது, யாரோ அருகில் படுத்திருப்பதைப் போன்ற உணர்வு எழுவதில் வியப்பில்லை. காதுக்குள் தணிந்து ஒலிக்கும் குரலும் அப்படித்தான். அவ்வளவு நெருக்கத்தில் நம்மிடம் பேசுகிறவர்கள் வாழ்நாளில் ஓரிருவரே.

சூடான காப்பிக் கோப்பையைப் பிடித்தவர்கள் பிறரை அன்பானவர்களாக மதிப்பிட்டார்கள் என்று 2008ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். பின்னர் கூடுதலானவர்களிடம் நடத்திய சோதனைகளில் அம்முடிவு கிடைக்காததால், நான் அதை ஆதாரமாகக் கொள்ளவில்லை. உறுதியாகத் தெரிந்தது வேறு. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் மெல்ல வருடும்போது மிக நன்றாகத் தூண்டப்படும் நரம்பிழைகள் நம் தோலில் உண்டு. வருடும் கை தோலின் சூட்டிலேயே இருந்தால் அவை மேலும் முனைப்பாக இயங்கும். அம்மா உங்கள் தலையைக் கோதிவிட்ட வேகமும் அநேகமாக அதுவாகவே இருந்திருக்கும். கைப்பேசி சூட்டைத் தரும், கோதிவிடாது. ஆறுதலோடு அழுகையும் சேர்ந்து வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் உடலின்மேல் போட்டுவிடவும் முடியாது. கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் 1966ல் அறிமுகப்படுத்திய ‘எலைசா’ என்ற உரையாடல் நிரலுக்குக் குரலே கிடையாது, தட்டச்சு எழுத்துகள் மட்டுந்தான். அப்படியிருந்தும், அதனுடன் தனியே உரையாட வேண்டுமென்று அவருடைய செயலாளரே அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். சொல்லுக்கே அவ்வளவு வலிமை இருக்கும்போது, சூடும் குரலும் இருட்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்?

ஒரு வாரம் விளக்கைப் போட்டு, கைப்பேசியை மேசைமீது வைத்து, இயர்போன் இல்லாமல் பேசிப் பாருங்கள். (சார்ஜ் ஏறும் கைப்பேசியுடன் படுக்கையில் உறங்குவது எப்படியும் ஆபத்து.) அப்போதும் மிஞ்சுவது சொற்கள் தந்த ஆறுதல், அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. குறைந்துபோவது உங்கள் உடல் தேடிய ஆறுதல். ஞாயிற்றுக்கிழமை ஈசூனுக்குப் போய், கூச்சப்படாமல், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்படி தங்கையிடம் கேளுங்கள். அவளும் அம்மாவை இழந்தவள்தானே.