வீடு கட்டி முடித்த கிரவல் (சரளை மண்) நிலத்தில் ஆவரசு (ஆவாரை) வருமா?

வரும். மாரியில் தண்ணீர் தேங்காத இடமாக இருந்தால் போதும். கிளிநொச்சிப் பக்கம் வீடு கட்டிய பிறகு பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) கிளறிப்போட்ட முன்வளவு என்றும், தெருக்கரையில் பிடுங்கி வந்து நட்ட கன்றெல்லாம் பட்டுப்போனது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆவரசின் ஆணிவேர் ஆழமாக இறங்கும். பிடுங்கும்போதே அது அறுந்துவிடும், அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. விதை போடுங்கள்.

காய் பழுப்பாகிக் காய்ந்து கிலுங்கும்போது பறிக்கலாம். ஏ9 வீதியோரத்திலேயே தாராளமாகக் கிடைக்கும். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற பற்றைக்குள் விதைக்காகக் கால் வைக்க வேண்டாம். ஓட்டை விழுந்த விதை வண்டு தின்றது, எறிந்துவிடுங்கள்.

விதைத்தோல் பொல்லாத கடினம். அப்படியே போட்டால் சிலது இந்த மாரிக்கு, சிலது அடுத்த மாரிக்கு என்று தன்பாட்டில் முளைக்கும். சாண்ட் பேப்பரில் ஒரு பக்கத்தைத் தேய்த்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஊறிப் பருக்காமல் கிடப்பதை மறுபடி தேய்க்கலாம். கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஆறவிடுகிறவர்களும் உண்டு. எனக்கென்றால் தேய்ப்பதில்தான் நம்பிக்கை.

ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்ததும் அலவாங்கால் கிரவலைக் கிளறி, குழிக்கு இரண்டு மூன்று விதை போடுங்கள். ஆளுயரம் தாண்டிப் பற்றையாகும், அதனால் இடைவெளி விடுங்கள். எருவும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம். முதல் கோடைக்கு மட்டும் இடைக்கிடை தண்ணீர் ஊற்றினால் சரி. சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் கொஞ்சம் சோர்ந்து நிற்கும், பயப்படாதீர்கள். நர்சரியில் காசு கொடுத்து வாங்குகிற குரோட்டன் அந்தக் கிரவலில் ஒரு கோடை தாங்குமா என்பதே சந்தேகம்.

இலையில் பச்சைப்புழு வந்தால் மருந்தடிக்காதீர்கள். பெரும்பாலும் அது வெளிர்நிற வண்ணத்துப்பூச்சியின் புழு. இலையை மொட்டையடித்தாலும் செடி மறுபடி துளிர்க்கும். பூவில் மகரந்தம்தான் உண்டு. கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்த்தெடுக்கும். பக்கத்தில் நின்றால் அந்த இரைச்சல் நன்றாகக் கேட்கும், நான் இதைப் பார்ப்பதற்காகவே வளவில் ஒன்றை வைத்திருக்கலாம் என்பேன்.

பூத்து ஓய்ந்ததும் கிளைகளைக் கவ்வாத்துப் பண்ணுங்கள், அடுத்த முறை அடர்த்தியாக வரும். தெற்கில் ரணவரா என்று பக்கெற்றில் விற்பது இதே பூதான். நிழலில் உலர்த்தித் தேத்தண்ணி போடுவதென்றால் வளவில் பூத்ததையே எடுங்கள், வீதியோரப் பூவில் புழுதியும் வாகனப் புகையும்.