டொமைன் வாங்கிய இடத்திலேயே தகவல் கசிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

"உங்கள் கணக்கு விவரங்கள் வெளியே போயிருக்கலாம்" என்று, டொமைன் (வெப்சைட்டின் பெயர்) விற்கும் கம்பெனியிலிருந்து மெயில் வந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பாதிக் கடிதங்களில் கோபம், மீதியில் பயம். இரண்டுமே நியாயம்தான்.

கேள்வி: இனி ஒரு நாள்கூட அந்தக் கம்பெனியில் இருக்க மாட்டேன். இன்றைக்கே டொமைனை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா?

மாற்றுங்கள், ஆனால் இன்றைக்கு வேண்டாம். இன்றைக்குச் செய்ய வேண்டியது பாஸ்வேர்டை மாற்றுவதும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுவதும்தான். பிறகு, ஒரு டொமைனின் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூயிஸ் தேடலில் உங்கள் டொமைன் பெயரைப் போட்டுப் பாருங்கள். 'ஸ்டேட்டஸ்' என்ற வரியில் 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்' என்று இருந்தால், வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாதபடி பூட்டு போட்டிருக்கிறது, நிம்மதி. வேறு கம்பெனிக்குப் போவதென்றால் அந்தப் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கு அனுமதி தரும் ரகசியக் குறியீடான ஆத் கோடு எடுக்க வேண்டும். கணக்குக்குள் வேறு யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று தெரியாத நேரத்தில் கதவைத் திறந்து வைப்பது சரியாக எனக்குப் படவில்லை.

பதற்றத்தில் பலர் செய்யும் இன்னொரு தவறு: முதலில் உரிமையாளர் பெயரையும் மெயிலையும் மாற்றிவிட்டு, பிறகு டிரான்ஸ்ஃபர் கேட்பது. டாட் காம் போன்ற டொமைன்களில் அப்படி மாற்றினாலே 60 நாள் பூட்டு விழக்கூடும். வெளியேற நினைத்தவர் அதே இடத்தில் இரண்டு மாதம் மாட்டிக்கொள்கிறார்.

எனக்குத் தெரிந்த மருந்துக் கடைக்காரர் ஒருவர் ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றினார். காலையில் வெப்சைட் திறந்தது, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு புது இடத்தில் இல்லவே இல்லை. இரண்டு நாளாக ஸ்டாக்கிஸ்ட் அனுப்பிய பில் ஒன்றுகூட வந்து சேரவில்லை. பழைய பேனலை அவர் எப்போதோ மொபைலில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்று வாட்ஸாப்பில் கிடைத்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் திரும்ப அடித்தோம். ஒரு புள்ளி விட்டுப்போனதில் மறுபடி அரை மணி நேரம் போனது. ஆகவே கிளம்பும் முன் ஏ, எம்எக்ஸ், டிஎக்ஸ்டி என்று எல்லா ரெக்கார்டுகளையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரெக்கார்டுகள் போலி இல்லை என்று சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி லிங்க்கோடு மெயில் வந்திருக்கிறது. உண்மையா, மோசடியா?

உண்மையாகவே இருக்கலாம். 2013 மே மாதம் டொமைன் விற்கும் நேம் டாட் காம் நிறுவனத்தில் புகுந்து யூசர்நேம், மெயில் முகவரி, என்கிரிப்ட் செய்த பாஸ்வேர்டு, கார்டு விவரங்களை எடுத்தார்கள். அப்போது நிறுவனம் வாடிக்கையாளருக்கு அனுப்பிய மெயிலிலேயே ரீசெட் லிங்க் இருந்தது. மோசடிக்காரன் அனுப்புவதும் அச்சு அசலாக இதே மாதிரிதான் இருக்கும் என்பதால் வாடிக்கையாளர் எரிச்சல்பட்டால் தப்பில்லை. மெயில் உண்மையோ பொய்யோ, லிங்க்கைத் தொடாதீர்கள். பிரவுசரில் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய் மாற்றுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டு எல்லாம் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, கவலை வேண்டாம் என்கிறார்களே?

எப்படி என்கிரிப்ட் செய்தார்கள் என்று கேளுங்கள். 2021 செப்டம்பரில் எபிக் என்ற டொமைன் நிறுவனத்தின் தரவு வெளியானபோது, எம்டி5 என்ற பழைய, பலவீனமான முறையில், 'உப்பு' (ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் சேர்க்கும் தனி எழுத்துகள்) கூட இல்லாமல் வைத்திருந்த பாஸ்வேர்டுகள் அதில் கிடைத்தன. சுலபமான பாஸ்வேர்டு என்றால் அதை உடைக்கச் சில நொடி போதும்.

டொமைனும் ஹோஸ்டிங்கும் (வெப்சைட் வைக்கும் இடம்) விற்கும் கோடாடி விஷயம் இன்னும் மனதை உறுத்துகிறது. 2021 செப்டம்பர் 6 அன்று உள்ளே நுழைந்தவர்களை அவர்கள் கண்டுபிடித்தது நவம்பர் 17 அன்று. வேர்ட்பிரஸ் வெப்சைட்டைக் கம்பெனியே பராமரித்துத் தரும் 'மேனேஜ்டு வேர்ட்பிரஸ்' சேவையின் வாடிக்கையாளர்கள் 12 லட்சம் பேர் வரை இதில் சிக்கினார்கள். மெயில் முகவரி மட்டும் போகவில்லை. பயன்பாட்டில் இருந்த கணக்குகளின் எஸ்எஃப்டிபி (சைட்டுக்கு ஃபைல் ஏற்றும் வழி), டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளும், சிலருக்கு எஸ்எஸ்எல் பிரைவேட் கீயும் (சைட்டின் பாதுகாப்பான இணைப்புக்கான ரகசியச் சாவி) போயின. அதனால் கணக்கின் பாஸ்வேர்டோடு நிறுத்தாதீர்கள். அதே கம்பெனியில் ஹோஸ்டிங்கும் இருந்தால் எஸ்எஃப்டிபி, டேட்டாபேஸ், வேர்ட்பிரஸ் அட்மின் மூன்றையும் மாற்றுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினால் கான்ஃபிக் ஃபைலிலும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சைட் நின்றுவிடும்.

கேள்வி: நான் அந்தக் கம்பெனியில் எதுவும் வாங்கியதே இல்லை. என் மெயில் எப்படி அங்கே போனது?

எபிக் கசிவில் இதுதான் நடந்தது. வெளியான 1.5 கோடி மெயில் முகவரிகளில் பல, வாடிக்கையாளர் அல்லாதவர்களுடையவை. மற்றவர்களின் ஹூயிஸ் விவரங்களை அள்ளிச் சேர்த்து வைத்திருந்தார்கள். மெயில் முகவரி எந்தக் கசிவில் சிக்கியது என்று பார்க்க உதவும் ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தை நடத்தும் டிராய் ஹன்டின் விவரமே அதில் இருந்தது. உங்கள் டொமைனுக்கு இப்போதாவது, ஹூயிஸில் உங்கள் விவரத்தை மறைக்கும் பிரைவசி வசதியைப் போட்டுவிடுங்கள். போனது திரும்பி வராது.

கேள்வி: நஷ்ட ஈடு கிடைக்குமா?

பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கோடாடி மீது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் எடுத்த நடவடிக்கை 2025 மே மாதம் இறுதியானது. முறையான பாதுகாப்புத் திட்டம் வேண்டும், வெளியாள் அதைச் சோதிக்க வேண்டும், பாதுகாப்பு பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்றது உத்தரவு. வாடிக்கையாளருக்குப் பணம் தரச் சொல்லவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. சைட் முடங்கிய நாட்களில் வியாபாரம் இழந்தவருக்கு அந்த உத்தரவு சோறு போடாது.

கேள்வி: எஸ்எம்எஸ் ஓடிபி போதுமா?

ஒன்றும் இல்லாததற்கு அது மேல். மொபைலிலேயே ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வசதி இருந்தால் அதையே போடுங்கள்.

கேள்வி: டொமைனை வாங்கிக் கொடுத்தது வெப் டிசைனர் தம்பி. மெயில் அவருக்குத்தான் வந்திருக்கிறது, எனக்கு எதுவுமே வரவில்லை. நான் என்ன செய்வது?

வந்ததிலேயே எனக்குக் கவலை தந்த கேள்வி இது. பத்து வருடமாக போர்டிலும் பில் புக்கிலும் அச்சடித்த பெயர், வேறொருவர் கணக்கில் இருக்கிறது. அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் ஐம்பது பேருடைய டொமைனை ஒரே கணக்கில், ஒரே பாஸ்வேர்டில் வைத்திருந்தால் ஒரு கசிவில் ஐம்பது கடையும் போகும்.

சண்டை வேண்டாம். அதே கம்பெனியில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து, டொமைனை அவர் கணக்கிலிருந்து இதற்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். அதே கம்பெனிக்குள் என்பதால் பெரும்பாலும் ஆத் கோடு தேவைப்படாது. புதுப்பிக்கும் தேதி மாறாது. உங்கள் வெப்சைட் வேலையை அவரே தொடர்ந்து பார்க்கலாம்.

புதுக் கணக்கு திறக்கும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். கடையின் டொமைனிலேயே இருக்கும் மெயில் முகவரியை அதற்குக் கொடுக்காதீர்கள். டொமைன் கைமாறிப்போனால் அந்த மெயில்பாக்ஸும் சேர்ந்தே போகும், நீங்கள் கேட்கும் ரீசெட் மெயில் திருடனுக்குத்தான் போய்ச் சேரும். தனியாக ஒரு ஜிமெயில் முகவரி வைத்து, அதற்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள்.