கேரவன் இழுக்க எந்த ஆட்டோமேட்டிக் ஃபோர்வீல் டிரைவ்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆஸ்திரேலியச் சாலைகளில் கேரவன் இழுப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. மாநிலத்துக்கு மாநிலம் வேக வரம்பு மாறும் என்பதால் அதை மட்டும் உங்கள் மாநில விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இசூசு எம்யூ-எக்ஸ் 4x4 ஆட்டோமேட்டிக் 3,500 கிலோ இழுக்கும் என்கிறார் விற்பனையாளர். நாங்கள் பார்த்து வைத்திருக்கும் கேரவனின் ஏடிஎம் (சாமானோடு கேரவன் இருக்கக்கூடிய உச்ச எடை) சரியாக 3,500. நாங்கள் நான்கு பேர். வாங்கலாமா?

கேரவனுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால் நல்லது. 3,500 என்பது இழுப்பதற்கான உச்ச வரம்பு மட்டுமே. காரும் கேரவனும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஜிசிஎம் என்று தனி வரம்பு உண்டு. 2021இல் வந்த தலைமுறை எம்யூ-எக்ஸுக்கு அது 5,900 கிலோ. அதில் கேரவனின் 3,500ஐக் கழித்தால் காருக்கு மிஞ்சுவது 2,400. டேங்க் நிரம்பிய வெறும் காரே 2,150 கிலோவை ஒட்டி இருக்கும். மீதி 250. நான்கு பெரியவர்கள் ஏறினாலே 280 ஆகிவிடும். டோ பார், புல்பார், ஃபிரிட்ஜ் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

அடுத்தது ஜிவிஎம். இது காருக்கு மட்டுமான வரம்பு, எம்யூ-எக்ஸில் 2,800. காரின் பின்னால் கேரவனை மாட்டும் குண்டான டோ பாலின் மேல் கேரவன் அழுத்தும் எடை, அதாவது பால் வெயிட், இதில் சேரும். இங்கே அதை ஏடிஎம்மில் 10 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். உங்கள் குடும்பத்துக்கு ஏடிஎம் 2,800 உள்ள கேரவன் பொருந்தும். பால் வெயிட் 280 போக, மாட்டுவதற்கு முன் கார் 2,520 வரை இருக்கலாம். அதில் ஆட்களுக்கும் சாமானுக்கும் 370 கிலோ கிடைக்கும். மொத்தம் 5,320, ஜிசிஎம்முக்குள் தாராளமாக வருகிறது.

பெரிய வண்டி எடுத்தால் இந்தக் கணக்கு தேவைப்படாது என்று நினைக்க வேண்டாம். லேண்ட் குரூசர் 300இன் ஜிசிஎம் 6,750, ஜிவிஎம் 3,280. அதே 3,500 கேரவனை மாட்டி பால் வெயிட் 350ஐக் கழித்தால் கார் 2,930க்குள் நிற்க வேண்டும். கார் மட்டுமே 2,500 முதல் 2,600 வரை. முதலில் கேரவனில் எடை வரம்புகள் பொறித்திருக்கும் தகட்டைப் பாருங்கள், பிறகு காரின் தகட்டை. விளம்பரத் தாளைக் கடைசியில் பார்த்தால் போதும். பயணத்துக்கு எல்லாம் ஏற்றிய பிறகு ஒருமுறை எடை மேடையில் நிறுத்திப் பார்ப்பது, எந்த விற்பனையாளரின் வாக்கையும்விட மேல்.

கேள்வி: ஆட்டோமேட்டிக்கிலேயே சிவிடி, டூயல் கிளட்ச், டார்க் கன்வர்ட்டர் என்று மூன்று சொல்கிறார்கள். இழுப்பதற்கு எது?

டார்க் கன்வர்ட்டர். நின்ற இடத்திலிருந்து பாரத்தை நகர்த்தும்போது எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே ஆயில் சுழன்று விசையைப் பெருக்கித் தருகிறது. அப்படி நகர்த்தும் வேலையில் தேய்ந்துபோக அங்கே கிளட்ச் தட்டு இல்லை. டூயல் கிளட்ச்சில் அந்த வேலை முழுக்கக் கிளட்ச் தட்டுகளின் தலையில் விழுகிறது. ஏற்றத்தில் கேரவனைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தும் சில நிமிடங்களிலேயே சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியலாம். தனித்தனிக் கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ந்து மாற்றும் சிவிடி இலகுவான கேரவனுக்குப் போதும். சுபாரு அவுட்பேக் 2.5க்கு 2,000 கிலோ, டர்போவுக்கு 2,400 என்று கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நீண்ட மலை ஏற்றத்தில் வெப்பத்தைப் பார்த்து அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஆர்ஏவி4 ஹைபிரிட் இருக்கிறது. சிறிய கேரவன் வாங்கினால் போதாதா?

2019இல் வந்த தலைமுறையில் ஆல்வீல் டிரைவ் ஹைபிரிட் என்றால் 1,500 கிலோ வரை. முன்சக்கர டிரைவ் ஹைபிரிட் என்றால் வெறும் 480, அதில் கேரவனை மறந்துவிடுங்கள். முதல் வகைக்கும் ஏடிஎம் 1,200ஐத் தாண்டாத, கூரையை உயர்த்தி மடக்கும் பாப்-டாப் ரகமே என் பரிந்துரை.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடேறிக் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? என்ன செய்ய வேண்டும்?

உண்மைதான். அது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் தவிர்ப்பது கடினம் இல்லை. டார்க் கன்வர்ட்டருக்குள் லாக்-அப் கிளட்ச் ஒன்று உண்டு. அது பூட்டிக்கொண்டால் ஆயில் வழுக்காது, சூடும் ஏறாது. மேல் கியரில் எஞ்சின் திணறும்போது லாக்-அப் பூட்டுவதும் விடுவதுமாகத் தவிக்கும். சூடு ஏறுவது அங்கேதான். எனவே டி-யில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். மேனுவல் மோடில் ஒரு கியர் கீழே வைத்து ஓட்டுங்கள். ஆறு கியர் பெட்டியில் ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் ஐந்தோ நான்கோ சரியாக இருக்கும். நல்லார்போர் போன்ற வெட்டவெளியில் எதிர்க்காற்று மலை ஏற்றத்துக்குச் சமம்.

ஆயில் 80 முதல் 100 டிகிரிக்குள் இருந்தால் கவலை இல்லை. 120ஐத் தொட்டால் ஓரம் கட்டி நியூட்ரலில் எஞ்சினை ஓட விடுங்கள். உடனே அணைத்தால் ஆயில் கூலருக்குப் போகாது. சூடு காட்டும் மீட்டர் காரில் இல்லையென்றால் காரின் கோளாறு பார்க்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம். 2,000 கிலோவுக்கு மேல் இழுப்பவர்கள் தனி ஆயில் கூலர் போடுவது நல்லது. ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத ஆயில்’ என்ற பேச்சு கேரவன் இழுப்பவருக்குப் பொருந்தாது. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பழைய வண்டி வாங்குவோர் கவனிக்க: சில மாடல்களில் கியர் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே ஓட்டை விழுந்தால் கூலன்ட் ஆயிலோடு கலந்து ரோஸ்மில்க் நிறமாகிவிடும். அந்த நிறத்தைக் கண்டால் வண்டியைத் தொடாமல் திரும்பி விடுங்கள். பெட்டிக்குள் கிளட்ச் தட்டுகளின் பசை ஏற்கெனவே ஊறிப் போயிருக்கும்.

கேள்வி: பார்ட்-டைம் ஃபோர்வீல் டிரைவ் போதுமா, ஃபுல்-டைம் வேண்டுமா?

பார்ட்-டைம் வகையில் 4எச் (நான்கு சக்கர இழுப்பு, ஹை ரேஞ்ச்) போட்டால் முன், பின் அச்சுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். தார்ச்சாலையில் திரும்பும்போது சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, பூட்டு விடாது. ரப்பர் தேயும், டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும். ஆகவே மழையில் நனைந்த தார்ச்சாலையில் அது உதவாது. லேண்ட் குரூசரின் நிரந்தர நான்கு சக்கர இழுப்பு, பஜேரோ ஸ்போர்ட்டின் சூப்பர் செலக்ட், எவரெஸ்ட்டின் 4ஏ (தானியங்கி நான்கு சக்கர இழுப்பு) ஆகியவற்றை எந்தச் சாலையிலும் போடலாம். ஈரப் புல்தரையிலிருந்து கேரவனை வெளியே எடுக்க மட்டும்தான் என்றால் பார்ட்-டைமே போதும். சரிவான இடத்தில் பின்னோக்கி மேலே ஏற்றும்போது, மெதுவாக அதிக விசையோடு நகர்த்தும் லோ ரேஞ்ச் போடுங்கள், ஸ்டியரிங்கை அதிகம் திருப்பாமல். டார்க் கன்வர்ட்டர் சூடாகாது, வேகமும் கைக்குள் இருக்கும்.

கேள்வி: நூறு கிலோமீட்டர் வேகத்தில் கேரவன் ஆடுகிறது. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் சரியாகுமா?

முதலில் பால் வெயிட்டை அளந்து பாருங்கள். தண்ணீர் டேங்கும் சைக்கிளும் பின்பக்கம் இருந்தால் முன்பக்கம் இலகுவாகி ஆட்டம் வரும். கனமானதை அச்சின் மேல், தரையோடு வையுங்கள்.

ஹிட்ச்சின் வேலை வேறு. சக்கர இடைவெளி 2.8 மீட்டர், பின் அச்சிலிருந்து டோ பால் 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 300 கிலோ பால் வெயிட் பின் அச்சில் ஏறக்குறைய 430 கிலோவாக இறங்கும். முன் அச்சில் 130 குறையும். ஹிட்ச் அதில் ஒரு பங்கை முன்னுக்குத் திருப்பித் தரும். சில தயாரிப்பாளர்கள் இதைப் போடவே கூடாது என்கிறார்கள், கையேட்டைப் பாருங்கள்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கேரவனின் மின் பிரேக்கைக் காருக்குள்ளிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைப்பொத்தானை அழுத்தினால் கேரவனின் பிரேக் மட்டும் பிடித்துப் பின்னால் இழுத்து நேராக்கும். ஜிடிஎம் (காரில் மாட்டியபோது கேரவனின் சக்கரங்கள் தாங்கும் உச்ச எடை) 2,000ஐத் தாண்டும் கேரவனுக்கு எல்லாச் சக்கரத்திலும் பிரேக்கும், கழன்றால் தானே பிடித்து 15 நிமிடமாவது நிறுத்தி வைக்கும் பிரேக்-அவே அமைப்பும் கட்டாயம். அந்த அமைப்பை இயக்கும் சின்ன பேட்டரி செத்துக் கிடப்பதுதான் நாம் அதிகம் காணும் குறை.

கேள்வி: அடிலெய்டு மலையிலிருந்து நகருக்கு இறங்கும்போது பிரேக் வாடை அடித்தது.

சவுத் ஈஸ்டர்ன் ஃபிரீவேயின் அந்த இறக்கம் லாரிக்காரர்களையே சோதிப்பது. இறக்கம் தொடங்கும் முன்பே மேனுவல் மோடில் மூன்றாம் கியருக்கு வந்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் பெட்டி அனுமதிக்காமல் போகலாம். பிரேக்கைத் தொடர்ந்து லேசாக மிதித்துக்கொண்டே வராமல், அழுத்தமாகப் பிடித்து 15 கிலோமீட்டர் வேகம் குறைத்து, முழுவதும் விட்டு, ஆற விடுங்கள். வாடை வந்த பிறகு கைபிரேக் போட்டு நிறுத்தாதீர்கள், டிரம்மோ டிஸ்க்கோ கோணிக்கொள்ளும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு மேல் பழசென்றால் அதையும் மாற்றுங்கள், ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும்.