பிரெட்சல் ஏன் பன் மாதிரி வெளுக்கிறது? கிப்ஃபெர்ல் ஏன் பரந்து உடைகிறது?

கேள்வி: கிறிஸ்துமஸுக்காக வீட்டு ஓடிஜி மின்னடுப்பில் ஜெர்மன் மென் பிரெட்சலும் (முடிச்சு வடிவ உப்பு ரொட்டி) பிறை வடிவ வெனிலா கிப்ஃபெர்ல் குக்கீயும் செய்து பார்த்தேன். பிரெட்சலை ஆப்ப சோடா தண்ணீரில் முக்கித்தான் எடுத்தேன், ஆனாலும் வெளுத்த பன் மாதிரி வந்தது. குக்கீ பரந்துபோய், தொட்டாலே உடைந்தது. தப்பு மாவிலா, அடுப்பிலா?

பதில்:

பிரெட்சலில் தப்பு தண்ணீரில். குக்கீயில் தப்பு வெண்ணெயின் சூட்டில். முதலில் பிரெட்சல்.

ஜெர்மனியில் இதன் முழுப்பெயர் லாவ்கென்பிரெட்சல். 'லாவ்கெ' என்றால் காரநீர். மிளகாய்க் காரம் அல்ல, அப்பளக்காரத்தில் வருகிற காரம். அங்கே பேக்கரிகளில் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் சுமார் 4 சதவீதம் வரை கரைத்து, சுடுவதற்கு முன் பிரெட்சலை அதில் முக்கி எடுக்கிறார்கள். காரம் பட்ட மாவுத்தோலில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பாகும் வினை பல மடங்கு வேகமாக நடக்கும். அந்தச் செம்பழுப்பு, பளபளப்பு, லேசான கைப்பு வாசனை எல்லாம் அதிலிருந்து வருபவை. அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் பன்தான்.

காரத்தின் வலிமையைச் சொல்லும் எண் பி.எச்.; ஆப்ப சோடா கரைத்த நீருக்கு அது சுமார் 8. காஸ்டிக் சோடா நீர் 13-ஐத் தாண்டும். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பதால் இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. சோடாவைக் கொதிக்க வைத்தால் கொஞ்சம் ஏறும், போதாது. வீட்டுக்கு நல்ல வழி, ஆப்ப சோடாவை முதலில் அடுப்பில் சுட்டுவிடுவது. 100 கிராம் ஆப்ப சோடாவை எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி அது சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட் ஆகிவிடும். முடிந்ததா என்று தராசு சொல்லும்: 100 கிராம் சுமார் 63 கிராமாக இறங்கியிருக்க வேண்டும். 80-இல் நின்றால் இன்னும் அரை மணி நேரம். இதன் கரைசல் பி.எச். 11-க்கு மேல் நிற்கும். (கடையில் விற்கும் சலவைச் சோடா வேண்டாம், அது உணவுத் தரம் அல்ல.)

60 கிராம் சுட்ட சோடாவை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒவ்வொரு பிரெட்சலையும் 30 விநாடி முக்கினால் போதும். அலுமினியப் பாத்திரத்தை இந்தப் பக்கம் கொண்டுவரவே கூடாது, காரம் அதை அரித்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் எரியும்.

காஸ்டிக் சோடாவிலேயே செய்வேன் என்றால் உணவுத் தரம் என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள், சாக்கடை அடைப்புக்கு விற்பதை அல்ல. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 40 கிராம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம், குழந்தைகள் சமையலறையில் இருக்கக் கூடாது. 10 விநாடி முக்கினால் போதும். மேலே பட்டால் வினிகரைத் தேடாமல் குழாய்த் தண்ணீரில் நிறையக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். முதல் தடவைக்குச் சுட்ட சோடாவே போதும் என்பது என் கட்சி. நிறம் ஒரு படி குறையும், அவ்வளவுதான்.

இனி மாவு. 8 பிரெட்சலுக்கு மைதா 500 கிராம், குளிர்ந்த தண்ணீர் 260 மி.லி., உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, மென்மையான வெண்ணெய் 30 கிராம். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்: 100 கிராமில் புரதம் 10 கிராமுக்குக் குறைந்தால் கயிறாக உருட்டும்போது அறுந்துகொண்டே இருக்கும். மாவு சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். கை வலிக்கிறதே என்று தண்ணீர் சேர்க்காதீர்கள், இளகிய மாவு சோடா நீரில் தொளதொளத்துப் போகும். பத்து நிமிடம் பிசைந்து, மூடி, பத்து நிமிடம் விடுங்கள். சென்னை வெயிலில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டை 4 கிராமாகக் குறைப்பது நல்லது.

100 கிராம் உருண்டைகளாகப் பிரித்து, முதலில் 30 செ.மீ. நீளத்துக்கு உருட்டி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். ஆறவிடாமல் இழுத்தால் ரப்பர் மாதிரி திரும்பிச் சுருங்கும். பிறகு 55 செ.மீ. வரை, நடுவயிறு தடிமனாகவும் இரு முனைகளும் பென்சில் பருமனிலும் வரும்படி உருட்டுங்கள். மேடையில் மாவு தூவாதீர்கள், கயிறு உருளாமல் வழுக்கும். உள்ளங்கையில் ஒரு துளி ஈரம் போதும். வயிறு உங்கள் பக்கம் இருக்கும்படி 'U' போல வளைத்து, முனைகளை இரண்டு தடவை பின்னி, மடக்கி, கடிகாரத்தின் 4 மணி, 8 மணி இடங்களில் வயிற்றின்மேல் அழுத்துங்கள்.

அடுத்த படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 20 நிமிடம் லேசாக உப்பிய பிறகு, மூடாமல் ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். மேல்தோல் காய்ந்து விறைப்பாகும். விரலால் தொட்டால் ஒட்டாது, கையில் தூக்கினால் வடிவம் கலையாது. அப்போதுதான் காரநீரில் தைரியமாக முக்க முடியும். முழுதாக உப்பவிட்டால் நீரில் காற்று இறங்கி, சுட்டபின் கிழவி கன்னம் மாதிரி சுருக்கம் விழும்.

முக்கி எடுத்த உடனே கல் உப்பு. நம் ஊர்க் கல் உப்பு ஈரமாக இருக்கும், வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் வறுத்துக் கொரகொரப்பாகத் தட்டிக்கொள்ளுங்கள். தூள் உப்பு கரைந்து மறைந்துவிடும். ஜெர்மனியின் தென்மேற்கில் ஷ்வாபியா பகுதிக்காரர்களான ஷ்வாபியர்கள் தடித்த வயிற்றில் பிளேடால் ஒரு கீறல் போடுவார்கள், பிரெட்சலின் 'கைகள்', அதாவது பின்னிய முனைகள், மெலிந்து மொறுமொறுப்பாக வரும். தென்கிழக்கே பவேரியாவில் கீறுவதில்லை, தானாக வெடிக்க விடுவார்கள், கைகளும் தடிமன். எனக்கு ஷ்வாபியர் முறை பிடிக்கும், ஒரே பிரெட்சலில் மெத்தும் மொறுமொறுப்பும் கிடைக்கும்.

தட்டில் சிலிகோன் பூசிய பேக்கிங் தாள் வேண்டும். பட்டர் பேப்பர் என்று விற்கும் சாதாரணத் தாள் ஈர மாவோடு ஒட்டி உரியாது. 230 டிகிரிக்கு நன்றாகச் சூடேறிய அடுப்பில் 14–15 நிமிடம். 200-இல் வைத்து நேரத்தைக் கூட்டினால் நிறம் வருவதற்குள் உள்ளே வறண்டுவிடும்.

குக்கீ கேட்பது இதற்கு நேரெதிர். வியன்னா முறை வெனிலா கிப்ஃபெர்லுக்கு மைதா 280 கிராம், குளிர்ந்த உப்பில்லாத வெண்ணெய் 210, தோல் நீக்கிய பாதாம் பொடி 100, பொடித்த சர்க்கரை 80. முட்டை கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. முட்டை இல்லாததால்தான் வாயில் கரைகிறது, அதே காரணத்தால்தான் எளிதில் உடைகிறது. பாதாமை வெந்நீரில் போட்டுத் தோலுரித்த பிறகு முழுக்கக் காயவைத்து, அளந்த மைதாவில் இரண்டு கரண்டி சேர்த்து மிக்ஸியில் விட்டுவிட்டு அரையுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் எண்ணெய் பிரிந்து களியாகும். வீட்டில் கடைந்த வெண்ணெயில் தண்ணீர் அதிகம், அதனாலும் பரவும். வெண்ணெய்க்குப் பதில் நெய் சேர்த்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது நெய் பிஸ்கட்.

விரல்நுனியால் உதிர்த்து, ஒன்றுசேர்ந்ததும் நிறுத்துங்கள். பிசைந்தால் இறுகும். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில். பிறகு கால்பங்கு கால்பங்காக வெளியே எடுத்து, 11 கிராம் துண்டுகளை 7 செ.மீ. நீளம் உருட்டிப் பிறையாக வளையுங்கள். முனையை ஊசியாக்கினால் அது முதலில் கருகும். உருவாக்கிய தட்டை மறுபடி 20 நிமிடம் குளிரவைத்து, 175 டிகிரியில் 12 நிமிடம். உங்கள் குக்கீ பரந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது குளிர்ச்சி இல்லாமல்தான். முனை வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். தொட்டால் வேகாதது போல மெத்தென்று இருக்கும், ஆறினால்தான் இறுகும்.

சர்க்கரை தூவும் நேரம்தான் நுணுக்கம். எடுத்த உடனே தூவினால் உருகி ஒட்டுப் பசையாகும். ஆறியபின் தூவினால் கொட்டிவிடும். தட்டிலேயே மூன்று நிமிடம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில், வெனிலாக் காயோடு போட்டுவைத்த பொடிச் சர்க்கரையைச் சல்லடையால் தூவுங்கள். முழுதாக ஆறும்வரை தட்டிலிருந்து எடுக்காதீர்கள். நீங்கள் சூட்டில் எடுத்ததால்தான் உடைந்திருக்கும். ஆறியபின் இன்னொரு தடவை லேசாகத் தூவலாம். எசென்ஸ் இருந்தால் மாவில் விடுங்கள், சர்க்கரையில் விட்டால் கட்டி தட்டும்.

கிப்ஃபெர்லைப் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே சுட்டு, தகர டப்பாவில் தாள் இடையிட்டு வையுங்கள். இரண்டு நாள் கழித்து ருசி இன்னும் கூடும். பிரெட்சல் அன்றைக்கே தின்பது. டப்பாவில் மூடினால் தோல் சுருங்கும், உப்பு நீர்விட்டுக் கரையும். முன்கூட்டியே வேலையை முடிக்க வேண்டுமென்றால் வடிவம் கொடுத்ததும், காரநீரில் முக்குவதற்கு முன், ஃபிரீசரில் உறையவைத்துவிடுங்கள். வேண்டிய அன்று பத்து நிமிடம் வெளியே வைத்து, முக்கி, உப்புத் தூவி, இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும்.